நாற்பது சதவீதம், ஒரு பெயர், அப்பாவின் ஆபீஸ்

"கவர்ன்மென்ட்ல இதுக்கெல்லாம் ஏதாவது தராங்களா?"

வீட்டில் ஆட்டிசமோ, அறிவுசார் குறைபாடோ, மனச்சிதைவோ உள்ள ஒருவர் இருக்கும் குடும்பத்தில் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். மயிலாப்பூர், அடையாறு பக்கம் கொஞ்சம் தணிந்த குரலில் வரும். உதவித்தொகை என்றாலே அது வேறு யாருக்கோ உள்ளது என்று ஒரு நினைப்பு. ஆனா செலவைப் பாருங்க. ஒரு ஸ்பீச் தெரபி செஷன் 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். வாரம் மூணு என்றால் மாசம் 7,200 ரூபாய். ஆட்டோ, ஸ்பெஷல் ஸ்கூல் ஃபீஸ், மாத்திரை எல்லாம் தனி. இதற்காக வேலையை விட்ட அம்மாவின் சம்பளத்தை யாரும் கணக்கிலேயே எழுதுவதில்லை.

பதில்: தராங்க. நான் இந்தத் துறை ஆள் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். சட்டங்களையும் விதிகளையும் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பு எடுத்து வைத்ததில் எனக்குப் பட்டது இது: எவ்வளவு கிடைக்கும் என்பது அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைப் பொறுத்ததில்லை. சான்றிதழில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது, அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, அப்பாவோ அம்மாவோ எந்த ஆபீஸில் வேலை பார்த்தார்கள், இந்த மூன்றையும் பொறுத்தது. மூன்றாவதுதான் பெரிய தொகை. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் சதவீதம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். ஆனா இந்த 40 எல்லோருக்கும் ஒரே 40 இல்லை. ஒவ்வொரு வகைக்கும் அளவுகோல் வேறு, வாசலின் உயரமும் வேறு.

அறிவுசார் குறைபாட்டை ஐக்யூ, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் ஆகியவற்றை வைத்து அளக்கிறார்கள். மைல்ட் என்றாலே 50 சதவீதம். மாடரேட் 75, சிவியர் 90, ப்ரொஃபவுண்ட் 100. அதாவது மைல்ட் என்று வந்தாலே வாசல் தாண்டியாயிற்று. ஆட்டிசத்துக்கு ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோல். அதில் 70 மதிப்பெண் வந்தால்தான் ஆட்டிசம், அந்த 70க்கே 40 சதவீதம். இங்கேயும் பெயர் வந்ததும் வாசல் திறந்துவிடுகிறது. (நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று ஒரு மொழிபெயர்ப்பு பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவர் ஒரு ஆட்டிசக் குழந்தையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டார்.)

மனநோய்க்கு வருவோம். இங்கே ஐடியாஸ் என்ற அளவுகோல். இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. அண்ணா நகர் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984ல் ஆரம்பித்த அதே ஸ்கார்ஃப்தான். ஐடியாஸில் நாலு தலைப்பு: தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், மற்றவர்களோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை. வேலை என்றால் ஆபீஸ் வேலை மட்டுமில்லை, வீட்டு வேலையும் படிப்பும் அதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதற்கு மேல், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4. இரண்டு வருஷத்துக்குக் குறைவு என்றால் 1, இரண்டு முதல் ஐந்து வரை 2, ஆறு முதல் பத்து வரை 3, பத்துக்கு மேல் 4. மொத்தம் 20. இதில் 7 வந்தால் 40 சதவீதம். 14 வந்தால் 70ஐத் தாண்டும். 20 என்றால் 100.

இதை ஒரு ஃபங்ஷன் மாதிரி எழுதி, உள்ளே எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண், 22 வயசு. தானே குளித்துச் சாப்பிட்டுக்கொள்கிறாள்: 0. ஆட்களோடு பழகுவதில் கொஞ்சம் ஒதுக்கம்: 1. பேச்சில் கொஞ்சம் தடை: 1. காலேஜ் பாதியில் நின்றுவிட்டது, தொடர முடியவில்லை: 2. கூட்டினால் 4. நோய் வந்து ஒன்றரை வருஷம், அதற்கு 1. மொத்தம் 5. சான்றிதழ் உண்டு, 40 சதவீதம் இல்லை. அதே பெண், அதே நிலைமை, பத்து வருஷம் கழித்து: 4 கூட்டல் 4, மொத்தம் 8. இப்போது வாசலுக்குள்.

நிலைமையில் ஒரு மாற்றமும் இல்லை. காலண்டர்தான் மாறியிருக்கிறது. நோய் நாள்பட நாள்பட வாழ்க்கையை அரிக்கும் என்பதால் வருஷத்துக்கு மதிப்பெண் வைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனா குடும்பத்தின் பணம் எப்போது கரைகிறது? முதல் இரண்டு மூன்று வருஷத்தில். என்ன நோய் என்றே தெரியாமல் ஜெனரல் டாக்டர், நரம்பு டாக்டர், ஸ்கேன், ஜோசியர், குணசீலம் பெருமாள் கோயில், சிலருக்கு ஏர்வாடி தர்கா, பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன். நகை அடகுக்குப் போவது அப்போதுதான். படிப்பும் வேலையும் கைவிட்டுப் போகாமல் பிடித்து நிறுத்த வேண்டியதும் அந்த வருஷங்களில்தான். அங்கேதான் வாசல் உயரமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வருஷம் தாண்டிய அதே பெண் ஒழுங்காக மாத்திரை எடுத்து, டே கேர் சென்டருக்குப் போய், பகுதி நேரமாக ஒரு வேலையும் பார்க்கிறாள் என்று வையுங்கள். பேச்சும் வேலையும் தலா ஒரு மதிப்பெண் இறங்கினால் மொத்தம் 6. வாசலுக்கு வெளியே. மனநோய்ச் சான்று பெரும்பாலும் சில வருஷத்துக்கான தற்காலிகச் சான்றுதான். புதுப்பிக்கப் போகும்போது "நல்லா இருக்கா டாக்டர்" என்று சொல்வதா, "அப்படியேதான் இருக்கா" என்று சொல்வதா என்று அம்மா அப்பா திணறுவதைப் பார்க்கலாம். சிகிச்சையும் மறுவாழ்வும் பலன் தந்ததற்கான அடையாளமே உதவித்தொகையை நிறுத்துகிறது என்றால், அதை டிசைன் கோளாறு என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை இப்போது மாசம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் இருந்தால் இதில் வரலாம். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவடக் காயம் என்று பட்டியல் நீள்கிறது. மனநோய் என்ற தலைப்பு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. மனநோய் உள்ளவர் போக வேண்டியது வருவாய்த் துறைக்கு. தாசில்தார் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரி முதல் மாசம் 1,500. முதியோர் ஓய்வூதியத்தோடு சேர்ந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்பதால் குடும்ப நிலைமையைப் பார்ப்பார்கள். லஸ் பக்கம் சொந்த ஃப்ளாட்டில் இருப்பவருக்கு அது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

1,500 என்ற எண்ணைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்று 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200. அதில் 25 சதவீதம் 300. கூட்டினால் சரியாக 1,500. சட்டம் குறைந்தபட்சம் என்று வைத்ததை நாம் அதிகபட்சமாக எடுத்துக்கொண்டோம். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000. இங்கே போராடும் சங்கங்கள் அந்த எண்ணைக் காட்டிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

பெயரால் வரும் இரண்டாவது வித்தியாசம் 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டம். "நமக்கப்புறம் இந்தப் பிள்ளைக்கு யார்?" என்ற பெற்றோர்களின் கேள்வியிலிருந்து பிறந்த சட்டம் அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நாலு வகைக்கு மட்டும். கோட்டூர்புரம் வித்யாசாகரை 1985ல் ஆரம்பித்த பூனம் நடராஜன் பின்னாளில் இந்த ட்ரஸ்டின் தலைவராக இருந்தார் என்பது நம்ம ஏரியாவுக்கு ஒரு பெருமை.

இந்த ட்ரஸ்டின் நிரமயா இன்ஷூரன்ஸ் பலருக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை கவர். சேர 500 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 250. முன்பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளுவதும் கிடையாது. முக்கியமாக, அட்மிட் ஆகாமலே வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் பணம் திரும்பக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு. பில்லை ஒழுங்காக வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வருமான உச்சவரம்பு இல்லாததால் ஃப்ளாட் வைத்திருப்பவரும் சேரலாம். ட்ரஸ்டில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகப் போவது சுலபம்.

மனச்சிதைவு, பைபோலார் உள்ள குடும்பத்துக்கு இதில் எதுவும் கிடையாது. அவர்களுக்கு இருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. 2018ல் ஐஆர்டிஏஐயும் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல சட்டம்தான். ஆனா வழக்கமான பாலிசி அட்மிஷன் ஆனால்தான் பணம் தரும். மனநோய்ச் செலவோ பெரும்பாலும் மாசாமாசம் ஓபியும் மாத்திரையும். சமமாக நடத்துகிறேன் என்று சொல்லி, பயன்படாத இடத்தில் சமத்துவம். மாத்திரைச் செலவுக்கு உண்மையான உதவி அரசு ஆஸ்பத்திரிதான். மயிலாப்பூர்க்காரர்களுக்கு ராயப்பேட்டை நடந்து போகிற தூரம், மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். கூச்சம்தான் தடை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தாலும் இந்தப் பிளவு தெரியும். வளர்ச்சிக் குறைபாட்டுக்கான இடங்கள் தென்சென்னையில் குவிந்திருக்கின்றன. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டில் 1989ல் தொடங்கிய மதுரம் நாராயணன் சென்டர், தரமணியில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, ஈசிஆரில் முட்டுக்காடு தேசிய நிறுவனம். மனநோய் என்றால் கூவத்தைத் தாண்டணும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அண்ணா நகர் ஸ்கார்ஃப், முகப்பேர் பானியன். தற்செயலாக இருக்கலாம். பஸ் காசு தற்செயல் இல்லை.

பெயர் வித்தியாசம் பார்க்காத ஒரு இடம் வருமான வரி. 80டிடி பிரிவில், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 1,25,000. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று பில் கணக்குக் கேட்பதில்லை, நிலையான தொகை. மனநோயும் இதில் உண்டு. பெற்றோர் மட்டுமில்லை, அண்ணன் தம்பி அக்கா தங்கையும் கழிக்கலாம். அப்பா ரிடையர் ஆகி, தம்பிதான் பார்த்துக்கொள்கிறான் என்ற வீடுகளில் இது விட்டுப்போகிறது. 30 சதவீத வரிக்காரருக்கு செஸ் சேர்த்து 75,000க்கு 23,400, 1,25,000க்கு 39,000 மிச்சம். ஆனா பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது. ஐடி கம்பெனியில் டிக்ளரேஷன் போடும்போது எதையும் மாற்றாமல் விட்டால் புதிய முறைதான் தானாக விழும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். பல பேருக்குப் புதியதே லாபமாக இருக்கும், ஆனா பார்க்காமல் விடாதீங்க.

இதே பிரிவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏற்பாடு இருக்கிறது. பெற்றோர் ப்ரீமியம் கட்டி, அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்குப் பணம் வரும். பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை வராது என்ற நிபந்தனையை எதிர்த்து ஒரு தந்தை உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆனது, ஆனா அரசு இதை யோசிக்கட்டும் என்றது நீதிமன்றம். 2022 பட்ஜெட்டில் சட்டம் மாறியது. பெற்றோருக்கு 60 வயசானால் அப்போதிலிருந்தே பிள்ளைக்குத் தொகை வரலாம். தோற்ற வழக்கும் சில சமயம் ஜெயிக்கும்.

இப்போ அப்பாவின் ஆபீஸ்.

மத்திய அரசு குடும்ப ஓய்வூதிய விதிகளில், மனம் சார்ந்த கோளாறோ குறைபாடோ உள்ள, தானே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வயசு வரம்பில்லாமல் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இங்கே மனநோயும் சேர்த்தி. தொகை கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலைப்படி. கடைசி பேசிக் 60,000 என்றால் 18,000, மேலே அகவிலைப்படி. 2021லிருந்து வருமான நிபந்தனையையும் தளர்த்திவிட்டார்கள். பிள்ளையின் சொந்த வருமானம் அவருக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். ஒரு சின்ன வேலைக்குப் போனதாலேயே எல்லாம் போய்விடாது. ஐடியாஸ் வாசலைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனம். தமிழ்நாடு அரசு விதிகளிலும் வங்கி ஓய்வூதிய விதிகளிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

ஆக, ஒரே குறைபாடு, ஒரே சதவீதம். அப்பா தேனாம்பேட்டை ஏஜி ஆபீஸில் இருந்தவர் என்றால் பிள்ளைக்கு 18,000க்கு மேல். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் இருந்தவர் என்றால் 2,000. பிஎஃப் பிடித்திருந்தால் இபிஎஸ் 95ல் நிரந்தரமாக, முழுமையாக உடல் மனக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு. ஆனா 15,000 சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுவதால் தொகை சொற்பம். எங்களைப் போன்ற ஐடிக்காரர்களும் இதில்தான். 2004 ஜனவரிக்குப் பிறகு மத்திய அரசிலும், 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசிலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்பதால் இந்தக் கதவும் மெதுவாக மூடிக்கொண்டு வருகிறது.

கதவு திறந்திருப்பவர்களும் உள்ளே போவதில்லை. மயிலாப்பூரில் எண்பது வயசுப் பென்ஷன்காரர்கள் நிறைய. வீட்டில் ஐம்பது வயசு மகன் உள்ளறையில் இருப்பார். அவர் பெயர் ஆபீஸ் ரெக்கார்டிலேயே இருக்காது, சொல்ல மனசு வராமல் விட்டிருப்பார்கள். குறைபாடு பெற்றோர் காலத்திலேயே இருந்தது என்பதைப் பெற்றோர் இறந்த பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. உயிரோடு இருக்கும்போதே சான்று வாங்கி, பிபிஓவில் பெயர் சேர்க்க விதியில் இடமிருக்கிறது. பணத்தை மகன் சார்பில் யார் வாங்கிக்கொள்வது என்று பென்ஷன்காரரே நியமனம் எழுதிக் கொடுக்கலாம், அவர் எழுதாவிட்டால் அவர் மனைவி எழுதலாம். இரண்டும் இல்லையென்றால் கார்டியன் சான்றுக்கு அலைய வேண்டியதுதான். ஆட்டிசம் முதலான அந்த நாலு வகைக்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு கார்டியனை நியமிக்கும். மனநோய்க்குக் கோர்ட். மறுபடியும் பெயர்.

அம்மாவின் சம்பளத்துக்கு வருவோம். மேலே சொன்ன எதுவும் பார்த்துக்கொள்பவர் இழந்த வருமானத்துக்கானது இல்லை. பிரிட்டனில் வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்கென்றே ஒரு தொகை உண்டு. 1976ல் அதைக் கொண்டுவந்தபோது கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று வைத்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற கணக்கு. ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவர் வழக்குப் போட்டு, 1986ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகுதான் மாறியது. நாம் அந்த 1976க்கே இன்னும் வரவில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: மனநோய் உள்ளவர் வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். குளித்தாரா, யாரிடம் பேசினார், வெளியே போனாரா, வேலை என்ன செய்ய முடிந்தது, எத்தனை நாள் முடியவில்லை. தேதி போட்டு எழுதுங்கள். ஐடியாஸ் கேட்பது இதைத்தான். ஓபி சீட்டில் பெரும்பாலும் மருந்துப் பெயர் மட்டும்தான் இருக்கும், டாக்டரிடம் கேட்டு இரண்டு வரி நிலைமையையும் எழுதி வாங்குங்கள். முதல் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. சான்று கையில் வந்ததும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, மூணு மாசம் முன்னாடியே போனில் ரிமைண்டர் வையுங்கள்.